எட்டுப் பேருக்கு ஒரு கதவு: வாடகை வீடுகளில் பொதுக் குளியலறை

சென்னையில் வீடு தேடுகிறவர்கள் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் என்று வரிசையாக விசாரித்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பாத்ரூம் தனியா, காமனா?” காமன் என்றால் வாடகை குறையும். அந்தக் குறைவுக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பது குடிபோன முதல் திங்கட்கிழமை காலையில் தெரிந்துவிடும்.

ஆட்கள் நிறைய, கழிப்பறை ஒன்று என்ற இந்த நிலையை நாம் இரண்டு விதமாகப் பேசிப் பழகியிருக்கிறோம். ஒரு சாரார் இதை எண்ணிக்கைச் சிக்கல் என்பார்கள். இன்னொரு கழிப்பறை கட்டினால் தீர்ந்தது. மற்றொரு சாரார் இதைக் குணச் சிக்கல் என்பார்கள்; ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று முடித்துக்கொள்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வீடுகளின் அமைப்பு, அரசின் கணக்கெடுப்பு, சட்டம், மருத்துவ ஆய்வு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று முன்னுக்கு வருகிறது. பலரும் புழங்கும் அந்தச் சிறிய அறைக்குப் பொறுப்பாளி யார் என்பதை எவரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. மற்ற குறைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எந்த வீடுகள்?

தமிழ்நாட்டில் குளியலறையைப் பகிரும் வாடகை வீடுகள் நான்கு வகைப்படும்.

முதலாவது ஒண்டுக்குடித்தனம். முன்பக்கம் வீட்டுக்காரர், பக்கவாட்டிலும் மாடியிலும் போர்ஷன்கள், கொல்லைப்புறத்தில் ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, ஒரு அடிபம்பு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பழைய பகுதிகளில் பல தலைமுறைகள் இப்படித்தான் வாழ்ந்தன. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் நடப்பது இத்தகைய குடித்தனங்கள் நிறைந்த ஒரு தெருவில்தான்.

இரண்டாவது லைன் வீடு, அல்லது காம்பவுண்டு வீடு. ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும். வரிசையின் கடைசியில் பொதுக் கழிப்பறை. திருப்பூர், கோவை, மதுரை ஆகிய ஊர்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்றும் கட்டுப்படியாகிற இடம் இதுதான். மும்பையின் சால்கள் இதன் மாடி வடிவம். 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் 207 கட்டடங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 சதுர அடி அறை. கழிப்பறை மாடிக்குப் பொது. இப்போது அவற்றை இடித்து 500 சதுர அடி வீடுகளாகக் கட்டித் தருகிறார்கள். அங்கு குடியிருந்தவர்களின் நீண்டகாலக் குறைகளில் முன்னால் நின்றது அந்தப் பொதுக் கழிப்பறை.

மூன்றாவது மேன்சன். திருவல்லிக்கேணியின் அடையாளம் அது. வேலை தேடி வருகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், உதவி இயக்குநர்கள் என்று தனி ஆண்களுக்கான இடம். நீண்ட நடையின் இருபுறமும் அறைகள், முனையில் குளியலறைகள்.

நான்காவது, இன்று வேகமாகப் பெருகுவது: பிஜி, லேடீஸ் ஹாஸ்டல், நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் பேச்சிலர் ஃபிளாட். நான்கு பேர் குடும்பத்துக்கென்று கட்டிய இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ தங்குகிறார்கள். கட்டில் கூடுகிறது, குழாய் கூடுவதில்லை.

இந்த நான்குக்கும் இடையே முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. ஒண்டுக்குடித்தனத்தில் பகிர்கிறவர்கள் பத்து, இருபது வருடம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பிஜியில் பக்கத்துக் கட்டில்காரர் அடுத்த மாதம் இருப்பாரா என்பதே தெரியாது. சண்டை முன்னதில் அதிகமாக இருந்திருக்கலாம். சண்டை போட்டுச் சரிசெய்துகொள்ள ஆள் நிலையாக இருந்ததும் அங்கேதான்.

கணக்கில் விழாத பகிர்வு

எத்தனை பேர் இப்படி வாழ்கிறார்கள்? நம் கணக்கெடுப்புகள் இதற்கு நேரான பதில் தருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 46.9 சதவீதத்துக்கு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது. கேள்வி ‘வளாகத்துக்குள்’ என்பதோடு நின்றுவிட்டது. ஆறு குடித்தனம் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் ஆறும் ‘உண்டு’ என்ற கட்டத்தில்தான் சேர்ந்திருக்கும்.

தேசியக் குடும்பநல ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. வேறு குடும்பத்தோடு பகிராத, மேம்பட்ட கழிப்பறை வசதி உள்ள வீடுகளில் வாழ்பவர்கள் 2015-16இல் 48.5 சதவீதம், 2019-21இல் 70.2 சதவீதம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இங்கே ‘குடும்பம்’ என்பது ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். எட்டு இளைஞர்கள் ஒரு ஃபிளாட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் அவர்கள் ஒரே குடும்பம்; அவர்களுடைய கழிப்பறை ‘பகிரப்படாதது’. ஒண்டுக்குடித்தனத்தில் தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் இரண்டு முதிய தம்பதிகள் பகிரும் கழிப்பறையோ ‘பகிரப்பட்டது’. அதாவது எட்டுப் பேர் நெருக்கியடிப்பது குறையற்ற வசதி, நான்கு பேர் பகிர்வது குறைபாடு என்றாகிறது. நகரங்களில் தனிநபர் வாடகை வாழ்க்கை பெருகும் காலத்தில் இந்த இடைவெளி சிறியதல்ல.

உலக அளவிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் பகிரும் கழிப்பறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை ‘வரம்புக்குட்பட்ட’ வசதி என்றே வைக்கிறது. ‘அடிப்படை’ வசதி என்ற நிலைக்கு அது உயராது. உலகில் ஐம்பது கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பிரிவில் வருகிறார்கள். 2015க்குப் பிந்தைய இலக்குகளை வகுத்தபோது ஒரு நிபுணர் குழு மாற்று அளவு ஒன்றை முன்வைத்தது: ஐந்து குடும்பங்கள் அல்லது முப்பது பேர், இதில் எது குறைவோ அதற்குள் இருந்து, பயனாளிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவும் இருந்தால் ஏற்கலாம். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிப்பை அளப்பது கடினம், ‘பகிரவில்லை’ என்பதை அளப்பது எளிது என்பது நடைமுறைக் காரணம். நகரத்தில் நிலம் விற்கும் விலைக்கு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை அண்மை எதிர்காலத்தில் சாத்தியமில்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். இரண்டாவது தரப்பின் பக்கமே நியாயம் கனக்கிறது. நடக்கவிருக்கும் பகிர்வை அளக்க மறுத்தால் அதைச் சீர்ப்படுத்தவும் வழியில்லை.

காலை இரண்டரை மணி நேரம்

நெருக்கடி நாள் முழுவதும் இருப்பதில்லை. காலை ஆறு மணிக்கும் எட்டரைக்கும் இடையில்தான் அது மூண்டு அடங்குகிறது. அதனால் ஆளுக்கு எத்தனை கழிப்பறை என்பதைவிட அந்த நூற்றைம்பது நிமிடங்களில் எத்தனை பேர் முடிக்க முடியும் என்று கேட்பதே சரி.

ஒருவருக்குக் கழிப்பறைக்கு எட்டு நிமிடம், குளிக்கப் பன்னிரண்டு நிமிடம் என்று வைப்போம். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் எட்டுப் பேருக்கு நூற்றறுபது நிமிடம். கடைசி ஆள் பஸ்ஸைத் தவறவிடுவார். அதே இரண்டும் தனித்தனி அறைகளாக இருந்தால் ஒருவர் குளிக்கும்போதே அடுத்தவர் கழிப்பறைக்குப் போகலாம். நூற்று நான்கு நிமிடத்தில் எட்டுப் பேரும் முடித்துவிடுவார்கள். கை கழுவவும் பல் துலக்கவும் வெளியே ஒரு தொட்டி இருந்தால் இன்னும் குறையும். கூடுதலாக ஒரு கழிப்பறைகூடக் கட்டாமல், ஒரு சுவரை எழுப்பியதாலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். கொல்லையில் கழிப்பறையையும் குளியலறையையும் தனித்தனியே கட்டிய பழைய வீடு, தீட்டு பார்த்துக் கட்டப்பட்டதாயினும், நெருக்கடியை நன்றாகத் தாங்கியது. எல்லாவற்றையும் ஒரே அறையில் அடக்கிய இன்றைய ஃபிளாட் நான்கு பேர் குடும்பத்துக்குப் பொருந்தும். எட்டுப் பேர் பிஜிக்குப் பொருந்தாது.

வெந்நீர் இன்னொரு முடிச்சு. பிஜிகளில் பரவலாகக் காணப்படும் பதினைந்து லிட்டர், இரண்டு கிலோவாட் கீசர், 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் எடுக்கும். பச்சைத் தண்ணீர் கலந்தால் அது இரண்டு வாளிக்குக் காணும். முதல் இருவர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தால், மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். மார்கழியில் ஹாஸ்டல்களில் எழும் சண்டைகளில் பல மனிதர்களின் குணத்தால் வருவதல்ல, அந்தக் கீசரின் கொள்ளளவால் வருவது.

அளவுகோல்கள் என்ன சொல்கின்றன? தேசியக் கட்டட விதித்தொகுப்பு விடுதிகளுக்கு எட்டு ஆண்களுக்கு ஒரு கழிப்பறை, ஆறு பெண்களுக்கு ஒன்று என்கிறது. தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டுதலில் சமுதாயக் கழிப்பறைக்கு 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. இங்கிலாந்தில் ஒரே குடும்பமாக இல்லாதவர்கள் பகிரும் வீடுகளுக்கு, உள்ளாட்சிகள் வழக்கமாக ஐந்து பேருக்கு ஒரு குளியலறை என்ற அளவை வைக்கின்றன. நம்முடைய எட்டுக்கு ஒன்று என்பதும் மேலே போட்ட கணக்கின்படி, கழிப்பறையும் குளியலறையும் பிரிந்திருந்தால்தான் ஓடும்.

தண்ணீர் நின்றால்

கழிவுநீர்க் குழாய் உள்ள நகரங்களில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டின் அளவு. இதில் மூன்றிலொரு பங்கு, 45 லிட்டர், கழிப்பறைக்கே போகிறது. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். மொட்டை மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் டேங்க் என்றால் ஒருநாள் மோட்டார் போட மறந்தாலே மறுநாள் காலை கழிப்பறை நாறும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது இது ஊரறிந்த செய்தியாயிற்று. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வந்து சேர்ந்தது. தனி வீட்டுக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். மேன்சன்வாசிகளும் விடுதிப் பெண்களும் பலர் ஊருக்கே திரும்பினார்கள். பொதுக் குளியலறையில் தண்ணீர்த் தட்டுப்பாடு இரட்டிப்பாக உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தன் வீட்டில் ஒருவர் சிக்கனமாக இருந்தால் பலன் அவருக்கு. பொது டேங்கில் ஒருவர் மிச்சம் பிடித்தால் அடுத்தவர் இன்னொரு வாளி ஊற்றிக்கொள்வார். அதனால் யாரும் மிச்சம் பிடிப்பதில்லை.

உடம்பும் பெண்களும்

பொதுக் கழிப்பறை நோயைப் பரப்புமா? 2014இல் வெளியான, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, தனிக் கழிப்பறையைவிடப் பகிரப்பட்ட கழிப்பறையோடு வயிற்றுப்போக்கு அதிகம் இணைந்து வருவதைக் கண்டது; வேறுபாடே இல்லையென்றால் 1 ஆக இருக்கும் வாய்ப்பு விகிதம் இங்கே 1.44. ஆனால் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அவர்களுக்குத் தண்ணீரும் இடமும் உணவும்கூடக் குறைவு. எது எதனால் என்று பிரித்தெடுப்பது கடினம் என்பதை அந்தத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது.

இருக்கையில் உட்கார்ந்தாலே சிறுநீர்த் தொற்று ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் மிகையானது. நம் வழக்கத்தில் கிருமி கடக்கும் இடங்கள் வேறு: குழாய்த் திருகு, மக்கின் கைப்பிடி, தாழ்ப்பாள். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையின் ஏ வகையும் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறவை. ஈரம் காயாத தரையில் சேற்றுப்புண்ணும், மாற்றிப் பயன்படுத்தும் துண்டில் படர்தாமரையும் பரவும். எனவே வாசனைத் திரவத்தைவிட முக்கியமானவை வெளியே ஒரு சோப்பும், தரை காய்வதற்கு ஒரு ஜன்னலும்.

பெண்களுக்கு இந்த நெருக்கடியின் முகமே வேறு. இருட்டில் கொல்லைக்குப் போக வேண்டும், தாழ்ப்பாள் சரியில்லை, வெளியே ஆள் நிற்கிறது என்பதால் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இது வழிவகுக்கிறது. மாதவிலக்கு நாட்களில் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற கணக்கு செல்லாது. மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில் நாப்கின் கழிப்பறைக்குள் போகும், அடைப்பு வரும், பழி அந்தப் பெண்கள் மீது விழும். தொட்டி வைக்காத வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் கைபேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். உடனடிக் காரணம் விடுதி உணவால் ஏற்பட்ட நோய். கூடவே வெளிவந்தவை நெரிசலான அறைகளும் கழிப்பறை நிலையும். 2024 ஆகஸ்டில் அதே பகுதியின் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தைத் திறந்தது. அரசின் ‘தோழி’ விடுதிகளும் வந்திருக்கின்றன. இவை நல்ல தொடக்கம். ஆனால் வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் இன்னமும் தனியார் கட்டடங்களில்தான் இருக்கிறார்கள்.

யார் கழுவுவது?

பகிரும் வீடுகளில் எல்லாரும் சுற்றிவளைத்துப் பேசும் விஷயம் இதுதான். சமையலறை அழுக்கானால் யாராவது துடைத்துவிடுவார்கள். கழிப்பறை அழுக்கானால் பார்க்காததுபோல் வெளியே வந்துவிடுவார்கள். சோம்பல் ஒரு காரணம். அதற்கு மேல் சாதி இருக்கிறது. மலத்தோடு தொடர்புள்ள வேலை எதுவும் சில சாதிகளுக்கு உரியது என்று நூற்றாண்டுகளாகச் சுமத்திவந்த சமூகம் இது. டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் எழுதிய நூல், கிராமப்புற வட இந்தியாவில் கழிப்பறை இருந்தும் பயன்படுத்தாமைக்குத் தீட்டு உணர்வே பெரிய காரணம் என்று காட்டியது. நகரத்தின் படித்த இளைஞர் கழிப்பறையைப் பயன்படுத்தத் தயங்க மாட்டார். பிரஷ்ஷைத் தொடத் தயங்குவார். தன் கழிப்பறையைத் தானே கழுவுகிறவர்கூட, பொதுக் கழிப்பறையில் ‘அடுத்தவனுடையதை’ நான் ஏன் கழுவ வேண்டும் என்பார். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் அதே சம்பளத்தில் அதையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அவர் மறுத்தால் அதில் முழு நியாயம் இருக்கிறது.

செப்டிக் டேங்க் உள்ள புறநகர் வீடுகளில் இந்தத் தட்டிக்கழிப்பு உயிரையும் எடுக்கும். ஐந்து பேருக்கெனக் கட்டிய தொட்டியைப் பதினைந்து பேர் பயன்படுத்தினால் அது விரைவில் நிரம்பும். லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்ற இழுபறி முற்றி, கடைசியில் ஓர் ஆளைப் பிடித்து உள்ளே இறக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரை அப்படி இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. மரணங்கள் நின்றபாடில்லை.

இந்தத் தட்டிக்கழிப்பு தவிர்க்க முடியாததா? பொதுவானது எல்லாம் பாழாகத்தான் போகும் என்று 1968இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் பாசன வாய்க்கால்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து அப்படியல்ல என்று காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். யார் யார் பங்காளிகள் என்ற வரம்பு, பங்காளிகளே வகுத்த விதி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மீறினால் படிப்படியான தண்டனை ஆகியவை இருந்தால் பொதுச் சொத்து நிலைக்கும் என்பது அவர் கண்டது. தமிழர்களுக்கு இது புதிதல்ல. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்ற ஆள் இதற்காகவே இருந்தார். மடையைத் திறப்பதும் மூடுவதும் முறைப்படி வயலுக்கு வயல் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. அந்த ஏரியில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர்கள் அனைவரும் அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். ‘யார் பாய்ச்சுவது’ என்று தினமும் வரப்பில் நின்று தகராறு செய்யவில்லை. பொதுக் குளியலறைக்கு இல்லாதது அந்த ஏற்பாடுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. தண்ணீர், மின்சாரம், சுகாதார வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், குழாய்களை மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், கழிவுநீர் அடைப்பு, கழிப்பறைப் பழுது ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. ஒரு வீடு, ஒரு குடும்பம் என்ற நிலைக்கு இது தெளிவு. நான்கு போர்ஷன்காரர்களில் அடைப்பை எடுப்பது எவர் பொறுப்பு என்ற இடத்தில் சட்டம் மௌனமாகிவிடுகிறது.

பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆண்கள் தங்கும் மேன்சனும் பேச்சிலர் ஃபிளாட்டும் அதன் வரம்புக்கு வெளியே.

இங்கிலாந்தில் ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேரோ அதற்கு மேலோ பகிரும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். 2006ஆம் ஆண்டின் நிர்வாக விதிகளின்படி அத்தகைய வீட்டுக்கு ஒரு மேலாளர் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் வீட்டுக்குள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பொதுப் பகுதிகளைச் சுத்தமாக வைப்பது அவர் கடமை. அங்கும் மோசமான வீடுகள் உண்டு. ஆனால் யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இல்லை.

என்ன செய்யலாம்?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் தேவைப்படுகிறவை பெரிய திட்டங்கள் அல்ல. கழிப்பறையையும் குளியலறையையும் பிரிக்க ஒரு சுவர். வெளியே ஒரு கைகழுவும் தொட்டி, சோப்பு. உள்ளே மூடியுள்ள குப்பைத்தொட்டி, உறுதியான தாழ்ப்பாள், விளக்கு. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற டேங்க். இவை வீட்டுக்காரரின் ஒருமுறைச் செலவு.

தொடர்ந்து தேவைப்படுவது சுத்தம் செய்கிறவருக்கான சம்பளம். சுழற்சி முறை அட்டவணை நான்கைந்து பேர் நிலையாக இருக்கும் வீட்டில் நடக்கும். மாதாமாதம் ஆள் மாறும் பிஜியில் அது சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருக்கும். அங்கே கையுறை, பிரஷ், நியாயமான கூலி ஆகியவற்றோடு தனி ஆளை அமர்த்தி, அந்தத் தொகையை வாடகையிலேயே சேர்த்துவிடுவதே வழி. பங்கு பிரித்து வசூலிக்கும் எதுவும் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வாடகை ஒப்பந்தத்தில் நான்கு வரி வேண்டும்: இந்தக் குளியலறையை அதிகபட்சம் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், யார் எத்தனை நாளுக்கொரு முறை சுத்தம் செய்வார், அடைப்புக்கும் செப்டிக் லாரிக்கும் யார் பணம் தருவார், தண்ணீர் நின்றால் வாடகையில் எவ்வளவு கழிக்கப்படும். இதில் முதல் வரிதான் வீட்டுக்காரர்களுக்குக் கசக்கும். ஏழாவது கட்டிலும் எட்டாவது கட்டிலும் போடுவதால் வரும் லாபத்தை அது தொடுகிறது. கட்டிலுக்குக் கணக்காக வாடகை வாங்குகிறவரை, கழிப்பறைக்கும் கணக்குச் சொல்ல வைக்க அந்த ஒரு வரி போதும். வாடகைதாரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்; வாடகை ஆணையம் ஒப்பந்தத்தைப் பதியும்போது அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும்.